சின்னவர் முன்னால் நடக்கட்டும்

சிட்னி நகர மையத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது ராயல் தேசியப் பூங்கா. தாரவல் பழங்குடியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மண் அது. 1879-இல் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. ஹாக்கிங் ஆற்றை ஒட்டிச் செல்லும் லேடி கேரிங்டன் பாதையில் பெரிய ஏற்றம் இல்லை, சிறு கால்களுக்குத் தோதானது.

வார இறுதியில் குடும்பத்தோடு அங்கே போனால், வீட்டில் ஆகச் சிறியவரை முன்னால் நடக்க விடுங்கள். பெரியவர்களுக்கு எப்போதும் மறுமுனை மேல்தான் கண். குழந்தையோ பாங்க்சியா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருகிய காய் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பாங்க்சியாவின் பல வகைகளில், காட்டுத் தீயின் சூடு பட்ட பிறகுதான் காய் வாய் திறந்து விதையை விடும். எவ்வளவு அருமையான பாடம்! பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுக்கும் லயர் பறவையும், அவசரமாகக் கடப்பவர்களைவிட நின்று கேட்பவர்களுக்கே வாய்க்கும். பாதையின் பத்து கிலோமீட்டரையும் முடித்தே ஆகவேண்டும் என்று பிள்ளையை இழுக்காதீர்கள்.

தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். கோடையில் கிளம்புமுன் காட்டுத் தீ எச்சரிக்கையைப் பாருங்கள். அபாயம் மிகுந்த நாட்களில் பூங்காவையே மூடிவிடுவதுண்டு.