மக்கர் பண்ணாத கருவி

சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சினிமாவில் பார்த்த எதுவும் அந்தப் பேச்சில் இருக்காது. நம்மூரில் புது பைக் வாங்கியவர்கள் மைலேஜும் பிக்கப்பும் பேசுவது மாதிரிதான் இருக்கும். சுற்றிச் சுற்றி இரண்டே கேள்விகள். மக்கர் பண்ணாமல் சுடுமா? கையை எவ்வளவு உதைக்கும்? யாரை, எப்போது என்கிற கேள்வி அநேகமாக வருவதில்லை.

டெக்சஸில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க, இந்த இரண்டும் வெறும் பொறியியல் கேள்விகள் இல்லை என்று தோன்றியது. கேட்கப்படாத அந்த மூன்றாவது கேள்வி இவற்றுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் உதையை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் நியூட்டனின் மூன்றாம் விதிக்குத் துப்பாக்கியை உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குண்டு முன்னால் போகிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, வினைக்குச் சமமான எதிர்வினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 9 மி.மீ. குண்டு சுமார் 7.5 கிராம். வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் எடை 600 கிராம் என்றால் அது வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். வெடிமருந்து வாயுவின் பங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். இரண்டின் உந்தமும் சமம். ஆற்றல் மட்டும் சமம் இல்லை. குண்டுக்குச் சுமார் 460 ஜூல், துப்பாக்கிக்குச் சுமார் 6 ஜூல். எண்பதுக்கு ஒன்று.

துப்பாக்கி என்கிற பொருளே இந்த எண்பதுக்கு ஒன்றில்தான் நிற்கிறது. சுடுபவனுக்கும் சுடப்படுபவனுக்கும் ஒரே விதிதான். கிடைக்கும் பங்குதான் வேறு. துப்பாக்கி எவ்வளவு கனமோ, சுடுபவனின் பங்கு அவ்வளவு குறையும்.

சின்னத் துப்பாக்கியின் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1911ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, ஜான் பிரவுனிங் வடிவமைத்த எஃகுத் துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல். 1982ல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக காஸ்டன் க்ளாக் பாலிமரில் சட்டகம் செய்தபோது எடை வெகுவாகக் குறைந்தது. 2018ல் வந்த ஸிக் ஸாவர் பி365 அரைக் கிலோ அளவுதான். பத்துத் தோட்டாக்களோடு சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸன் ஸ்கேண்டியம் உலோகக் கலவையில் செய்யும் ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்று 350 கிராம்கூட இல்லை. அதில் .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்கள் சொல்வது ஒரே மாதிரி இருக்கும்: ஐந்து சுட்டேன், ஆறாவது சுட மனசு வரவில்லை. எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்கு. இதை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது.

ஆக, எது சுமக்கச் சுகமோ அது சுடக் கஷ்டம். சுடக் கஷ்டமானதில் யாரும் பழகுவதில்லை. இதை உரிமையாளர்களே ஒத்துக்கொள்வார்கள். தினமும் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியோடுதான் அவர்களுக்குப் பழக்கம் குறைவு. நல்லாகச் சுட வருகிற பெரிய துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் தூங்கும்.

இனி நம்பகம். என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், கிரீன் கார்டு வந்த வருடம் ஒன்று வாங்கினார். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததுதான் காரணம். "ஐந்நூறு ரவுண்டு போட்டாச்சு தம்பி, ஒருக்காகூட மக்கர் பண்ணல" என்றார். குரலில் பெருமையைவிட நிம்மதிதான் அதிகம். இருநூறு, ஐந்நூறு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அத்தனை தோட்டாவும் சிக்காமல் போனால்தான் இடுப்பில் வைப்பேன் என்பது அங்கே பலரின் வழக்கம்.

என் தொழில் புத்தி சும்மா இருக்காது. புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒரு பொருளை n முறை சோதித்து ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்றால், 95 சதவீத உறுதியோடு நாம் சொல்லக்கூடியது, அதன் தோல்வி விகிதம் 3/n ஐத் தாண்டாது என்பதுதான். ஐந்நூறு ரவுண்டு சொல்வது இவ்வளவே: தோல்வி 167ல் ஒன்றைவிட மோசமாக இருக்காது. பத்தாயிரத்தில் ஒன்று என்று நிரூபிக்க வேண்டுமானால் முப்பதாயிரம் ரவுண்டு சுட வேண்டும். சுட்டு முடிப்பதற்குள் ஸ்பிரிங்குகள் தேய்ந்திருக்கும். சோதித்த துப்பாக்கியும் மிஞ்சிய துப்பாக்கியும் ஒன்றாக இருக்காது. 1911ல் ராணுவம் பிரவுனிங்கின் மாதிரியை ஆறாயிரம் ரவுண்டு சுட்டது. சூடேறினால் தண்ணீரில் முக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்பது பதிவு. அதுகூட இந்த விதிப்படி இரண்டாயிரத்தில் ஒன்று என்ற உறுதியைத்தான் தரும். எண்கள் ஓர் இடத்தில் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் 'நம்புகிறேன்' என்பது மனிதன் தானாக எடுக்கிற முடிவு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சோதனையில் சோதிக்கப்படுவது துப்பாக்கி மட்டும்தானா? தானியங்கிக் கைத்துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வதே பின்னுதைப்பின் பலத்தில்தான். மேல்பகுதி பின்னால் சறுக்கும்போது கீழ்ப்பகுதி அசையாமல் இருக்க வேண்டும். லேசான துப்பாக்கியில் அந்த அசையாமையைத் தருவது சுடுபவரின் மணிக்கட்டு. பிடி தளர்ந்தால் மொத்தமும் சேர்ந்து பின்னால் போகும், சறுக்கு பாதியில் நிற்கும், தோட்டா சிக்கும். மிக லேசான ரிவால்வரில் வேறு விதம்: உதையின் அதிர்ச்சியில், இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு அதன் உறையிலிருந்து முன்னால் நகர்ந்து உருளையையே சுற்றவிடாமல் பூட்டிவிடும். உதையும் நம்பகமும் இரண்டு கேள்விகள் என்று நினைத்தோம். ஒரே கேள்விதான். அந்த எந்திரத்தின் ஓர் உதிரிபாகம் மனிதக் கை.

ஆகவே பாதி எந்திரம் ஐந்நூறு முறை சோதிக்கப்பட்டது. மீதிப் பாதி?

அதைச் சோதிக்கவும் பயிற்சியாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது. சுடுபவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுத் தோட்டாவைக் கலந்துவிடுவார்கள். ஒருநாள் நண்பரோடு சுடுதளத்துக்குப் போயிருந்தபோது பார்த்தேன். மூன்று முறை வெடித்தது. நான்காவது முறை 'டிக்' என்ற சத்தம் மட்டும். குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. வராத உதையை அவர் கை முன்கூட்டியே அமுக்கியிருந்தது. வெடித்தபோதெல்லாம் இதுவேதான் நடந்திருக்கும்; சத்தமும் புகையும் அதை மறைத்துவிட்டன. நண்பர் சிரித்தார். பிறகு மெதுவாக, "ஒன்னுமே இல்லாததுக்குக் கை பயந்துருச்சு பாரு தம்பி" என்றார். அன்று அந்த எந்திரம் அதைப் பிடித்திருந்தவரைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை, அது வெடிக்காத அந்த ஒரு தருணத்தில்தான் வெளிவந்தது.

நம்பகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கேட்டால் சுட வேண்டும் என்பது ஒன்று. கேட்காதபோது சுடக்கூடாது என்பது மற்றொன்று. 2017ல் ஸிக் ஸாவரின் பி320 ரகம் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கிறது என்று சோதனைகளில் தெரியவந்தது. அந்த ஆகஸ்டில் நிறுவனம் இலவசமாக மாற்றியமைத்துத் தருவதாக அறிவித்தது. திரும்பப் பெறச் சொல்லி அரசு உத்தரவிடவில்லை. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிமேல் அதிகாரம் கிடையாது; 1972ன் சட்டமே அதை வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. பொம்மைத் துப்பாக்கி அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வரும். நிஜத் துப்பாக்கி வராது. அதனால்தான் உரிமையாளர்களின் அனுபவப் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அரசு செய்ய வேண்டிய சோதனையைச் சாப்பாட்டு மேசை செய்துகொண்டிருக்கிறது.

நண்பரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி கதவு உடையும் சத்தம் கேட்கிறது, போலீஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்ற நிலையில், சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி துப்பாக்கி இல்லாததைவிட மோசம். 2023ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. பயப்படுகிறவனுக்கு மக்கர் பண்ணாத ஒன்று கையில் வேண்டும்தான்.

ஆனால் அந்த நம்பகம் யாருக்கு? 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான பெரியவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020ல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. வேறு வழிகளில் அப்படி இறந்தவர்களின் விகிதம் அவர்களிடம் கூடுதலாக இல்லை. திருடனுக்காக வாங்கிய நம்பகம் இது. அது திருடனையும் சொந்தக்காரரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்நூறு ரவுண்டு நிம்மதியாக இருந்தவரும், வாழ்க்கையின் மிக மோசமான இரவில் இருப்பவரும் அதற்கு ஒரே கைதான்.

தமிழில் நாம் பொருளையும் நம்புகிறோம், ஆளையும் நம்புகிறோம். சொல் ஒன்றுதான், விஷயம் ஒன்றில்லை. நம்பகமான பொருள் சொன்னதைச் செய்யும். நம்பகமான ஆள் சில சமயம் சொன்னதைச் செய்ய மாட்டான். குடித்திருக்கும்போது வண்டிச் சாவியைக் கேட்டால் தர மாட்டான். கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தை அனுப்பச் சொன்னால், "காலையில பாத்துக்கலாம்டா" என்பான். அவனை நம்புவதற்குக் காரணமே அவன் சரியான நேரத்தில் மக்கர் பண்ணுவான் என்பதுதான். கீழ்ப்படிதலை நம்பகம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிற பழக்கம் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை. சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது, பட்டனுக்கும் பலனுக்கும் நடுவே எதுவும் குறுக்கிடக்கூடாது என்று வருடம் முழுக்க உழைக்கிற என் தொழிலுக்கும் அது பொருந்தும். அழுத்துகிற விரலுக்கு உதையே இல்லாத எந்திரங்களைத்தான் நாங்கள் செய்கிறோம்.

அதற்காக உதையை மனசாட்சி என்று உயர்த்திப் பேசவும் மாட்டேன். பழகிய கைக்கு அது உறைக்காது. மறுக்கும் குணத்தை உலோகத்தில் தேடினால் கிடைக்காது. அதற்கு வெளியேதான் வைக்க வேண்டும். பூட்டில் வைக்கலாம், தூரத்தில் வைக்கலாம், இன்னொரு மனிதரிடம் வைக்கலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009ல், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, ஒரு வாரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மனம் உடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்காமல் இருப்பது என்று வழிமுறைகளை எழுதினார்கள். விற்பதே பிழைப்பாக இருப்பவர்கள், விற்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நண்பரின் துப்பாக்கி இன்னும் சிக்கவில்லை. அது நல்ல கருவி, சந்தேகமில்லை. இப்போது அவர் அதை எண் பூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். எண் அவர் மனைவிக்கும் தெரியும். "உங்களுக்கு மனசு சரியில்லைன்னு எனக்குப் பட்டா நம்பரை மாத்திடுவேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறாராம். அவரும் சரி என்றிருக்கிறார். அந்த வீட்டில் மக்கர் பண்ணும் உரிமை அக்காவிடம் இருக்கிறது.