டிக்கெட் இல்லாத கூட்டம்

டெட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையில் ஹார்ட் பிளாசா என்றொரு திறந்தவெளி இருக்கிறது. மரம் குறைவு, கான்கிரீட் அதிகம். நடுவில் இசாமு நோகுச்சி வடிவமைத்த நீரூற்று. எதிர்க்கரையில் கனடாவின் விண்ட்சர் நகரம். 2000ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், அமெரிக்கர்களின் நினைவு நாள் விடுமுறையை ஒட்டி, இங்கே மூன்று நாள் எலெக்ட்ரானிக் இசை விழா நடந்தது. டிக்கெட் கிடையாது. யாரும் வரலாம், பிடிக்காவிட்டால் பாட்டின் நடுவிலேயே கிளம்பலாம். யார் யாரை மேடையேற்றுவது என்று முடிவு செய்தவர் கார்ல் கிரெய்க், அந்த ஊர்க்காரர், தானும் டெக்னோ என்ற எலெக்ட்ரானிக் இசை வகையின் கலைஞர்.

இந்த விழா இலவசமாக இருந்ததற்கும் ஊரின் கதைக்கும் தொடர்பு உண்டு. 1959இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் ஒரு சாதாரண வீட்டிலிருந்து சோல் இசையை உலகெங்கும் அனுப்பியது. 1972இல் அது லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. கார் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1950இல் பதினெட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2000இல் ஒன்பதரை லட்சம். மிஞ்சிய ஊரில், எண்பதுகளில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற பள்ளித் தோழர்கள் மூவர் கைக்கு எட்டிய சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்து டெக்னோவை உருவாக்கினார்கள். அவர்கள் காலத்து இசையில் திரும்பத் திரும்பக் கேட்கும் ரோலண்ட் டிஆர்-808, கடையில் சரியாக விலைபோகாத, 1983இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட கருவி. 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பம் இந்த இசைக்குப் பெயரையும் புகழையும் தந்தது. லண்டனிலும் பெர்லினிலும் கொண்டாடப்பட்டவர்கள் சொந்த ஊரில் தெருவில் நடந்தால் அடையாளம் கண்டுகொள்ள ஆள் இல்லை. இரவு இரண்டு மணிக்கு கிளப்பில் வாசிப்பதை அத்தையும் பாட்டியும் போய்க் கேட்க முடியுமா? பகல் மூன்று மணிக்கு, தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்து கேட்கும்படி வைத்ததுதான் அந்த விழா செய்த பெரிய காரியம்.

எலெக்ட்ரானிக்கும் சோலும் ஒரே மேடையில் வருவதை முரண்பாடாக நினைப்பவர்கள் உண்டு; ஒன்று இயந்திரம், மற்றது நெஞ்சு என்று. டெட்ராய்ட்டில் இந்தப் பிரிவினை செல்லாது. ஃபங்க் இசைக் கலைஞர் ஜார்ஜ் கிளின்டனின் குழுவில் கீபோர்டு வாசித்த ஆம்ப் ஃபிட்லர் சோல் பாடகர். கோனன்ட் கார்டன்ஸ் பகுதியிலிருந்த தன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பையன்களை உட்காரவைத்து எம்பிசி என்ற சாம்ப்ளரைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அப்படிக் கற்ற ஒரு பையன் பின்னாளில் ஜே டில்லா என்று அறியப்பட்டான். பழைய சோல் இசைத்தட்டிலிருந்து இரண்டு விநாடியை வெட்டி எடுத்து, விரலால் தட்டித் தட்டிப் புதிய தாளமாக அடுக்குவதுதான் அவன் கலை. பாட்டியின் இசைத்தட்டுப் பெட்டியும் பேரனின் பெட்டிக் கருவியும் ஒரே வீட்டுச் சாமான்கள்.

திறந்தவெளி இந்த இசைக்கு எளிதான இடம் அல்ல. கிளப்பில் சுவர் பாஸ் ஒலியைத் திருப்பித் தரும். வெளியில் அது போனது போனதுதான். ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மட்டுமே ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அதை வெட்டவெளியில் நெஞ்சில் படவைக்க சப்வூஃபர்களை வரிசையாக அடுக்க வேண்டும். வெயிலில் லேப்டாப் திரை கண்ணுக்குத் தெரியாது. இசைத்தட்டு சூட்டில் நெளியும், காற்று பலமானால் ஊசி தாவும். பழைய அனலாக் சிந்தசைசர் வெப்பம் ஏற ஏறச் சுருதி விலகும். சோல் பாடகிக்கு வேறு தொல்லை: கூடத்தில் தன் குரல் திரும்பி வந்து துணைநிற்கும், இங்கே காலடியில் இருக்கும் மானிட்டரைத்தான் நம்ப வேண்டும். இதற்கெல்லாம் பழகிய பெரிய கலைஞருக்குத் தனி ஒலிப்பொறியாளர் இருப்பார். புதியவருக்கு மேடையில் என்ன கிடைக்கிறதோ அதுவே துணை. நேரம் ஒதுக்குவதும் அப்படித்தான்: சாயங்காலம் பெரியவர்களுக்கு, உச்சி வெயில் பெயர் தெரியாதவர்களுக்கு.

சென்னை மார்கழிக்குப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பல சபாக்களில் பகல் கச்சேரிகள் இளையவர்களுக்கு, பெரும்பாலும் இலவசம்; மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அதில் நான்கு பேர் கேன்டீனுக்கு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே தாளம் போடும் இருபது வயதுப் பாடகிக்கும், ஹார்ட் பிளாசாவில் மதியம் லேப்டாப் திறக்கும் பையனுக்கும் தேர்வு ஒன்றே.

அந்தத் தேர்வு கடுமையானது. காசு கொடுத்து வந்தவர் பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காகவாவது உட்கார்ந்திருப்பார். பிடித்ததாகத் தன்னையே நம்பவைத்துக்கொள்ளவும் செய்வார். ஓசியில் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் நின்றால் பாட்டு நிறுத்தியது என்று மட்டுமே பொருள். 'ஓசி' என்ற சொல்லில் தமிழில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா கிடைத்ததை யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்தது. பொருட்களுக்கு அது பொருந்தலாம். முன்பின் கேட்டறியாத ஒருவரின் பாட்டுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். பெயர் தெரியாதவருக்காக யாரும் முன்கூட்டிக் காசு கட்ட மாட்டார்கள். முதல் சந்திப்பு எங்காவது சும்மா நடந்தாக வேண்டும். அங்கே கேட்பவர் கொடுப்பது நேரம். ஐஸ் விற்கும் வண்டியை நோக்கிப் போனவர் வழியில் கால் மணி நேரம் நின்றுவிட்டால், அந்தக் கால் மணி நேரம்தான் கட்டணம்.

ஆனால் மேடைக்கும் மின்சாரத்துக்கும் காவலுக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். 2001இல் ஃபோர்டு நிறுவனம் ஆதரவளித்தது. விழாப் பெயரின் முன்னால் ஃபோகஸ் என்ற கார் மாடலின் பெயர் ஏறியது. அதே ஆண்டு விழாவுக்குச் சற்று முன் கார்ல் கிரெய்க் பொறுப்பிலிருந்து நீக்கப்பட, ரசிகர்கள் கொதித்தார்கள். 2003இல் டெரிக் மே எடுத்து நடத்தி 'மூவ்மென்ட்' என்று பெயர் வைத்தார். 2005இல் சாண்டர்சன் கைக்கு வந்தபோது முதன்முறையாக நுழைவுக் கட்டணம் வந்தது. கட்டணம் வைத்தவரே டெக்னோவின் மூலவர்களில் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பேராசை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2006இலிருந்து பாக்ஸஹாவ் என்ற உள்ளூர் நிறுவனம் டிக்கெட் விற்று நடத்துகிறது.

டிக்கெட் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. இலவச ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று அமைப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். வாசல் இல்லாத இடத்தில் தலையை எண்ணுவது எப்படி? மூன்று நாளும் வந்தவர் மூன்று பேரா, ஒருவரா? ஆற்றைப் பார்க்க வந்து காதில் விழுந்ததைக் கேட்டவர் எந்தக் கணக்கு? வாசல் வைத்த பிறகு எண்ணிக்கை பல்லாயிரமாகச் சுருங்கியது. சுருங்கியதில் ஒரு பகுதி, முதலிலேயே இல்லாத கூட்டம். இன்னொரு பகுதி, கேட்க வேண்டும் என்று வராமல் கேட்டுவிட்டுப் போனவர்கள். புதிய கலைஞருக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது கூட்டம்.

அதே ஆற்றங்கரையில் செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறையில் ஜாஸ் விழா நடக்கும், 1980இல் தொடங்கியது. அதுவும் பணமுடையில் தள்ளாடியது. கார்ஹார்ட் என்ற வேலையுடுப்பு நிறுவனத்தின் வாரிசான கிரெட்சன் வலாட் ஒரு கோடி டாலரை மூலநிதியாகப் போட்டார். வலாட் 2022இல் காலமானார். மே மாதம் வேலி போட்டு டிக்கெட் கிழிக்கும் ஹார்ட் பிளாசாவில், ஜாஸ் விழாவுக்கு இப்போதும் சும்மா நடந்து உள்ளே போகலாம்.