ஒத்திவைத்தலும் மறத்தலும்

2020 மார்ச் 20 இல் இலங்கையெங்கும் ஊரடங்கு பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுகவனிதையர் கிளினிக்குகளும் தடைப்பட்டன. 35, 45 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை நிகழ்வது அங்கேதான்.

தொற்றால் இறந்தோரை அரசு நாள்தோறும் எண்ணியது. கண்டறியப்படாது போன நோயை எண்ணுவார் யார்? ஆயினும் கிளினிக்கை மூடியோரைக் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. இந்நோய் பல்லாண்டு மெல்ல முற்றுவது; சில மாதத் தாமதம் பெரும்பாலும் பொறுக்கத்தக்கதே. மறதி அத்தகையதன்று. ஒத்திவைத்தவரே மீள அழைக்கவும் கடமைப்பட்டவர். ‘அவளாக வரட்டும்’ என்றிருத்தல், கடன்பட்டவன் கொடுத்தவனை அலையவிடுவதை ஒக்கும். (நாணத்தால் முன்னரே தயங்கியவளுக்கு ஊரடங்கு நல்லதொரு சாக்குமாயிற்று.) அவ்வாண்டில் 35 வயதெய்தித் தவறவிட்டவளைக் குடும்பநல உத்தியோகத்தர் படலை திறந்து சென்று அழைத்திராவிடின், அவளது அடுத்த முறை 2030 இலேயே வரும்.