உடைமைக்கும் உணவுக்கும் ஒரே வரம்பு

வீட்டில் தேவைக்கு மேல் அடைந்து கிடக்கும் பொருள்களை அப்புறப்படுத்தினால் மனம் தெளிவடையும், உடல் எடையும் குறையும் என்னும் கருத்து, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு வாழ்க்கை நெறியாகவே பரவியது. பீட்டர் வால்ஷ் 2008-இல் வெளியிட்ட நூல் வீட்டின் அடைசலையும் உடலின் பருமனையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பேசியது. மரியே கோண்டோ 2011-இல் ஜப்பானிய மொழியில் எழுதிய நூல், கையில் எடுக்கும்போது மகிழ்ச்சி தராத பொருளுக்கு நன்றி சொல்லி விடை கொடுக்கும்படி கூறியது. இத்தகைய நூல்கள் வீட்டு நிர்வாகத்தைப் பற்றியவை போலத் தோன்றினாலும், அவற்றின் அடியில் இருப்பது தத்துவம் சார்ந்த வினா: புறத்தில் உள்ள பொருளைக் குறைத்தால் அகத்தில் உள்ள பற்றும் குறையுமா, அல்லது பற்றுக் குறைந்த பிறகு செய்யும் துறப்புக்கு மட்டுமே பயன் உண்டா? இவ்வினாவை நெடுங்காலம் விடாது ஆராய்ந்த மரபுகளுள் சமணம் முதன்மையானது. உடைமையையும் உணவையும் ஒரே நோன்பில் அடக்கி இல்லறத்தாருக்கு அது வகுத்த விதி, இன்றைய விவாதத்தில் பெரிதும் கவனிக்கப்படாமல் இருக்கிறது.

சமணம் இல்லறத்தாருக்கு விதிக்கும் ஐந்து சிறு நோன்புகள், அதாவது அணுவிரதங்கள், கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்பன. ஐந்தாவதன் வடமொழிப் பெயர் பரிக்கிரக பரிமாணம், அதாவது உடைமையை அளவுபடுத்துதல். உடைமை என்பது யாது என்ற கேள்விக்குச் சமணத்தின் இரு பிரிவினரான திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒருங்கே ஏற்கும் ‘தத்துவார்த்த சூத்திரம்’ என்னும் நூலில் உமாசுவாதி தரும் விடை, பொருளைச் சுட்டாமல் அதன்மீது மனம் கொள்ளும் மயக்கத்தைச் சுட்டுகிறது. பிற்கால ஆசிரியர்கள் இதை விரித்து, நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, பாத்திரம் முதலிய புறப் பற்றுகள் பத்து என்றும், பொய்க்காட்சி, சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் ஆகிய ஐந்தோடு நகை, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு, மூவகைக் காமம் ஆகியவையும் சேர்ந்த அகப் பற்றுகள் பதினான்கு என்றும் கணக்கிட்டனர். வெற்று அறையில் அமர்ந்திருப்பவனும் இந்தப் பட்டியலின்படி பெரும் உடைமைக்காரனாக இருக்கக்கூடும்.

அவ்வாறாயின் புறப்பொருளைத் துறப்பதற்குத் தேவை என்ன என்ற ஐயம் எழுகிறது. துறவியின் ஆடையைப் பற்றி இரு பிரிவினரும் நிகழ்த்திய நீண்ட வாதம் இந்த ஐயத்தையே மையமாகக் கொண்டது. பற்றில்லாமல் உடுத்தப்படும் ஆடை நோன்புக்குத் துணையான கருவியே தவிர உடைமை ஆகாது என்றும், அதை உடைமை என்றால் உடம்பையும் உடைமை என்றே சொல்ல நேரும் என்றும் சுவேதாம்பரர் வாதிட்டனர். ஆடை அழுக்காகும், துவைக்க வேண்டும். கிழியும், வேறொன்று கேட்க வேண்டும். களவு போகும் என்ற அச்சமும் வரும். ஆகவே ஆடை இருக்கும் இடத்தில் கவலையும் இருந்தே தீரும் என்பது திகம்பரர் மறுப்பு. நெல்லின் உமியை நீக்காமல் உள்ளிருக்கும் அரிசியின் தவிட்டைப் போக்க முடியாது என்று அவர்கள் காட்டிய உவமை, முன்னர் எழுப்பிய வினாவுக்கு நேரடியான விடையாக அமைகிறது: புறத்தை நீக்குதல் முதற்படி, ஆனால் உமி போனதாலேயே தவிடும் போய்விடுவதில்லை. அகத்தூய்மை இல்லாத புறத்துறவு பயனற்றது என்று திகம்பர ஆசிரியர் குந்தகுந்தர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியதும் இதனால்தான். பொருளைக் கழிப்பதையே விடுதலையாகக் கொண்டாடுவோருக்கும், மனம் தூய்மையாக இருந்தால் எதை வைத்திருந்தாலும் குற்றமில்லை என்று சமாதானம் சொல்வோருக்கும் இந்த நிலைப்பாடு ஒருசேர இடம் தர மறுக்கிறது.

இல்லறத்தாரின் நிலை வேறு. அவர்கள் அனைத்தையும் துறக்க வேண்டியதில்லை. வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வகையில் மிகுதியாகப் பயன்படக்கூடியது போகோபபோக பரிமாணம் என்னும் நோன்பு. திகம்பர ஆசிரியர் சமந்தபத்திரர் தம் ‘இரத்தின கரண்டக சிராவகாசார’த்தில், ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துபோகும் உணவு முதலியவற்றைப் போகம் என்றும், மீண்டும் மீண்டும் நுகரப்படும் ஆடை முதலியவற்றை உபபோகம் என்றும் பிரித்து, இரண்டையும் ஒரே நோன்பால் அளவுபடுத்தச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதற்கும் ஏற்கும் வரம்பு இயமம். ஒரு பகல், ஓர் இரவு, அரைத்திங்கள், திங்கள், ஒரு பருவம் என்று காலம் குறித்து ஏற்கும் வரம்பு நியமம். உண்ணும் உணவு, ஏறும் ஊர்தி, படுக்கும் படுக்கை, குளிக்கும் நீர், பூசும் சாந்து, அணியும் அணி ஆகிய யாவும் இந்த நியமத்துள் அடங்கும். இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த ‘அருங்கலச்செப்பு’, தமிழ்ச் சமணரிடையே இல்லற ஒழுக்க நூலாகப் பயின்று வந்துள்ளது. வாய்க்குள் போவதும் வாசலுக்குள் வருவதும் ஒரே விருப்பத்தின் செயல்கள் என்ற புரிதல் இவ்வமைப்பில் உள்ளது. அடைசலுக்கும் பருமனுக்கும் தொடர்பு காண முயலும் நவீன நூல்கள் தடுமாறும் இடத்தை இந்நூல்கள் வகைப்பாட்டாலேயே கடந்துவிடுகின்றன.

இந்த நோன்பு நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதற்குச் சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான ‘உபாசகதசா’ ஒரு முழுச் சித்திரத்தைத் தருகிறது. மகாவீரரிடம் இல்லற நோன்பு ஏற்ற ஆனந்தன் என்னும் வணிகனுக்குச் சேமிப்பில் நான்கு கோடிப் பொன், வணிகத்தில் நான்கு கோடி, வீட்டுப் பொருளாக நான்கு கோடி, பத்தாயிரம் மாடுகள் கொண்ட மந்தைகள் நான்கு இருந்தன. அவன் ஏற்ற வரம்பு இவற்றில் எதையும் குறைக்கவில்லை. இருப்பதற்கு மேல் சேர்ப்பதில்லை என்பதே உறுதி. இது செல்வருக்குச் செய்த சலுகை என்று குறைகூறுவதில் நியாயம் உண்டு, உயரமான இடத்தில் கட்டிய வேலி யாரையும் தடுப்பதில்லை. ஆனால் அதே ஆனந்தன் உடம்பைத் தொடும் பொருள்களுக்கு வந்ததும் விதி முற்றிலும் மாறிவிடுகிறது. உடுக்க ஓரிணைப் பருத்தி ஆடை, பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி, பழங்களுள் நெல்லி வகை ஒன்று, குளிக்க எட்டுக் குட நீர், குடிக்க மழைநீர், அரிசியிலும் பருப்பிலும் நெய்யிலும் இன்னின்ன வகை மட்டும் என்று பட்டியல் நீள்கிறது. கருவூலத்தில் தளர்வும் அன்றாட நுகர்ச்சியில் கண்டிப்பும் கொண்ட இந்த ஏற்பாட்டை முரண்பாடு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பூட்டிய பொன்னைவிட நாள்தோறும் கைநீட்டி எடுக்கும் பொருளே பழக்கத்தை உருவாக்குகிறது என்பதை இதை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

உணவைப் பொறுத்தமட்டில் சமணம் கூறும் அறுவகைப் புறத்தவங்களுள் முதலாவது உண்ணாநோன்பு, இரண்டாவது வயிறு நிறையாமல் உண்ணுதல். ஆடவனுக்கு முப்பத்திரண்டு கவளம், பெண்ணுக்கு இருபத்தெட்டுக் கவளம் நிறை உணவு என்று வைத்து, அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே என்கின்றன திகம்பர நூல்கள். எனினும் மெலிந்த உடல் இதன் குறிக்கோள் அன்று. வாழ்வின் இறுதியில் ஏற்கும் சல்லேகனை என்னும் உண்ணாநோன்பிலும்கூட உடம்பை மெலிவித்தலோடு சினம், உலோபம் முதலிய கசாயங்களை மெலிவித்தலும் விதிக்கப்பட்டு, பின்னதே உயிர்நாடியாகக் கருதப்படுகிறது. இன்றைய எடைக்குறைப்பு நூல்களோ அழகையும் எடைக்கருவியின் எண்ணையும் பரிசாகக் காட்டுகின்றன. பற்றை விடச் சொல்லும்போதே இன்னொரு பற்றைக் கையில் கொடுக்கின்றன.

அனுபவ ஆய்வுகள் இதில் சொல்வது குறைவே. லாஸ் ஏஞ்சல்ஸ் தம்பதியரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தம் வீட்டை அடைசல் நிறைந்தது, வேலை முடியாதது என்று விவரித்த மனைவியரிடம், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் என்னும் சுரப்பு காலையிலிருந்து மாலைக்கு இயல்பாக இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. கணவரிடம் இந்தத் தொடர்பு காணப்படவில்லை. வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அலங்கோலமான சமையலறையில் அமர்ந்து தம் வாழ்க்கை கைமீறிய தருணத்தை நினைத்த பெண்கள் பிஸ்கட்டை மிகுதியாக உண்டனர். அதே அலங்கோலத்தில் தம் கட்டுப்பாட்டில் இருந்த தருணத்தை நினைத்தவர்கள் குறைவாக உண்டனர். இதன் ஆசிரியர்களுள் ஒருவரான பிரையன் வான்சிங்கின் வேறு பல கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் கார்னெல் பல்கலைக்கழகம் அவர் ஆய்வு நெறிகளை மீறியதாக அறிவித்ததால், இம்முடிவை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். வீட்டை ஒழுங்குபடுத்தினால் எடை குறையும் என்று உறுதியளிக்க இவை போதா.

நவீன நெறிக்கும் சமண நெறிக்கும் இடையிலான பெரிய வேறுபாடு காலத்தில் இருக்கிறது. நவீன நெறி, வாங்கிக் குவித்த பிறகு கழிக்கச் சொல்கிறது. கழித்த இடம் வெறுமையாக இருப்பதால் அது மீண்டும் நிரம்புகிறது, கழித்தவையோ ஊருக்கு வெளியே குப்பைமேடாகின்றன. சமண நோன்பு வாங்குவதற்கு முன்பே எண்ணை முடிவுசெய்யச் சொல்கிறது. வரம்புக்கு மேல் வருவதை உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமாகச் செலவிட வழி காட்டுகிறது. கழிப்பது ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் வேலை; வரம்போ ஒவ்வொரு நாளும் கடைவாசலிலும் சோற்றுத் தட்டின் முன்னும் காக்க வேண்டியது. அதனால் அது கடினமானது. அதனாலேயே பயன் தரக்கூடியதும்கூட. அதைத் தொடங்க வாழ்நாள் உறுதி எதுவும் தேவையில்லை என்பதையும் சமந்தபத்திரரின் விதி தெளிவாக்குகிறது: நியமத்தை ஒரே ஒரு பகலுக்கும் ஏற்கலாம்.