பாடாசாரையும் நினைவும்



"பிறந்த நாள் முதலாக யான் ஒரு நன்மையும் கண்டிலேன்" என்று சொல்வோரை மைசூரில் நம் ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோரிடையே நாம் கண்டிருக்கின்றோம். மனைவி அருகிருந்து மணநாளை நினைவூட்டினும் அவர்தம் முகம் மலராது. உறவினர் இதனை நன்றியின்மை என்று ஏசுவர். நன்றியின்மையன்று, நோய். மனச்சோர்வு நோய் ஊக்கத்தை அழிப்பதோடு நில்லாது, சென்ற காலத்தின் உருவையே கலைத்துவிடுகின்றது.

1986ஆம் ஆண்டில் இங்கிலாந்து உளநூல் அறிஞர் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் இருவரும், தம்முயிரைப் போக்க முயன்று பிழைத்தவர்களிடம் சில சொற்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுமாறு கேட்டனர். மற்றவர்கள் இன்ன நாள், இன்ன இடம் என்றுரைக்க, இவர்களோ "நண்பரோடிருக்கும் போதெல்லாம்" என்பது போலத் தொகுத்தே உரைத்தனர். நாள் மறைந்தது, பொதுச்சொல் எஞ்சியது.

ஒரு நாளை நுணுகி நினைத்தால் அதன் முள்ளும் தைக்கும். ஆதலின் மனம் வாயிலிலேயே திரும்பிவிடுகின்றது. தன்னையே நொந்து சுழலும் எண்ணமோ தேடும் வலிமையையும் தின்றுவிடுகின்றது. முன்னொரு துன்பத்தை எவ்வாறு கடந்தோம் என்பது நினைவுக்கு வாராதவனுக்கு இன்றைய துன்பத்துக்கும் வழி தெரியாது. நாம் ஆலையில் பணிபுரிந்த காலத்தில் கண்டதுதான்: இழை அறுந்தால் அறுந்த இடத்தைக் கண்டே முடிச்சிடல் வேண்டும். பாவு முழுதும் பாழ் என்று நிற்பவன் எங்கே முடிச்சிடுவான்?

பாலி மொழியில் 'ஸதி' என்னும் சொல்லை இக்காலத்தில் விழிப்பு என்றே கொள்கின்றோம். அதன் முதற்பொருள் நினைவு என்பதே. பாடாசாரையின் வரலாற்றில் இவ்விரு பொருளும் கூடி நிற்கக் காணலாம். கணவனைப் பாம்பு தீண்டியது. பச்சிளங் குழவியைப் பருந்து கொண்டுபோயிற்று. மூத்த மகனை ஆறு அடித்துச் சென்றது. பெற்றோரும் உடன்பிறந்தானும் புயலில் வீடிடிந்து மாண்டனர். அவள் உடுத்த ஆடையும் அறியாதவளாய்ச் சாவத்தி நகரில் திரிந்தாள். பித்தியென்று மக்கள் விரட்டினர். ஜேதவனத்தில் பகவன் அவளை அருகே வரவிட்டார். மறந்துவிடு என்று அவர் சொன்னாரல்லர்; ஸதியை மீளப் பெறுக என்றே அருளினார். ஒருவர் எறிந்த மேலாடையைப் போர்த்துக்கொண்டு வணங்கித் தனக்கு நேர்ந்தவற்றை எடுத்துரைத்தாள். அவளே பின்னர் பிக்குணிகளுள் விநயம் அறிந்தோரில் தலைசிறந்தவளெனப் போற்றப்பட்டாள். விநயமோ எழுத்தின்றி நெஞ்சில் தாங்கப்பட்டது. எந்த விதி எவர் பொருட்டு எவ்விடத்தில் எழுந்தது என்னும் நிகழ்ச்சிகளோடு பிணைந்தது. ஆடையை மறந்தவள் அதனைத் தாங்கினாள்!

2000ஆம் ஆண்டில் அதே வில்லியம்ஸ் துணையறிஞரோடு, மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு ஸதிப் பயிற்சியைத் தழுவிய மருத்துவம் அளித்துப் பார்த்தபோது, தொகுத்துரைக்கும் பழக்கம் குறைந்ததென்று கண்டார். (வரலாறில்லை என்று சொல்லப்பட்ட மக்களுக்கு அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதழ் தொடங்கிச் சொல்சொல்லாய், விழாவிழாவாய் நினைவு தேடித் தந்ததும் இவ்விடத்தில் நம் நெஞ்சில் எழுகின்றது. அதனைப் பிறிதொருகால் பேசுவோம்.)

ஆகவே சோர்ந்தவரிடம் "உமது வாழ்வு எப்படி?" என்று கேளாதீர். தசரா விளக்கொளியை முதன்முதல் எவர் தோளிலமர்ந்து கண்டீர், அன்று மழை பெய்ததா என்று கேளுங்கள். பஞ்சசீலம் ஏற்ற நாளில் அருகில் நின்றவர் யாவர் என்று கேளுங்கள். விடை வாராவிடின் அடுத்த வாரம் கேட்கலாம். இன்ப நினைவையே தருக என்று வற்புறுத்தல் வேண்டா. இழந்ததை எண்ணி அது மேலும் வருத்தவுங் கூடும். ஆறாத காயத்தைக் கிளறுவதும் நம் வேலையன்று.

"முற்பிறவி வினை" என்று சொல்லி வாயடைப்பாரும் நம்மிடையே உளர். உறும் துன்பமெல்லாம் பழவினையே என்பதைப் பகவன் மறுத்தார். பித்தத்தாலும் வாதத்தாலும் பருவ மாறுதலாலும் நோய் வருமென்று சீவகன் என்னும் துறவிக்கு விளக்கினார். பித்தத்துக்கு மருத்துவரை நாடும் நாம் இதற்கும் நாடுதல் வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கின்றது. 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். உயிர்விடுவேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விட்டு அகலாதீர். அருகிலிருந்தே அவ்வெண்ணை அழையுங்கள்.