தலைகீழாக நின்ற துண்டு

ஒரு பையனைப் பொய்யன் என்று முடிவு கட்ட எவ்வளவு சாட்சியம் வேண்டும்? எனக்கு ஒரு க்யூபின் ஓரத்துண்டு போதுமாயிருந்தது.

சேக்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், கோடை விடுமுறையில் என் க்யூபை வாங்கிக்கொண்டு போனான். ஹங்கேரிக்காரர் ரூபிக் 1974-இல் செய்த மூன்று வரிசைக் க்யூப் எனக்குப் பல வருஷப் பழக்கம். இது நாலு வரிசை, புதிதாக வாங்கியது. அதுவரை ஒரே ஒரு தடவைதான் சேர்த்திருந்தேன். கடைகளில் இதற்கு 'ரூபிக்கின் பழி' என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. பொருத்தந்தான்.

இதைச் சேர்க்கும் வழி, பெரியதைச் சின்னதாக்கிக் கொள்வது. மூன்று வரிசையில் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இடம் மாறாத துண்டு ஒன்று இருக்கும். நாலு வரிசையிலோ நடுவில் நாலு துண்டுகள், நாலும் ஊர்சுற்றிகள். முதலில் அவற்றை நிறவாரியாகக் கூட்டி ஆறு முகங்களுக்கும் நடுவை அமைக்க வேண்டும். பிறகு 24 ஓரத்துண்டுகளை 12 ஜோடிகளாக்க வேண்டும். அப்புறம் வெளிவரிசைகளை மட்டும் திருப்பினால், கையில் இருப்பது நமக்குத் தெரிந்த பழைய மூன்று வரிசைதான்.

பையன் திருப்பித் தந்ததை அப்படியே சேர்த்தேன். கடைசியில் ஒரே ஒரு ஜோடி தலைகீழாக நின்றது. மூன்று வரிசையில் இது நடக்கவே நடக்காது. நடந்தால், யாரோ துண்டைப் பிடுங்கி மாற்றிச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"கழட்டினியாடா?"

"இல்ல மாமா, திருப்பித்தான் பார்த்தேன்."

நான் சிரித்தேன். அவன் அம்மாவும் அங்கே நின்றிருந்தாள். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சில நாள் கழித்துத்தான் விஷயம் விளங்கிற்று. உள்வரிசையைக் கால் சுற்றுத் திருப்பினால் நாலு ஓரத்துண்டுகள் இடம் மாறுகின்றன. அந்தக் கணக்கில் ஒற்றைப்படையாக ஒரு பாக்கி நின்றுவிட்டால், அது கடைசிவரை வெளியே தெரியாது. நடுத்துண்டுகளும் காட்டிக்கொடுப்பதில்லை, ஒரே நிறத்துக்குள் நடக்கும் ஆள்மாறாட்டம் யார் கண்ணில் படும்? சராசரியாகப் பாதித் தடவை இப்படித்தான் வந்து நிற்குமாம். வெளிவரிசைகளை எத்தனை திருப்பினாலும் தீராது. மறுபடி உள்வரிசையைத் தொட்டு, சேர்த்த ஜோடிகளைக் கலைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது ஒப்பவில்லை. ஒன்றுமே தெரியாதவனாயிருந்தால் பையனை நம்பியிருப்பேனே! தெரிந்ததனால் அல்லவா அவ்வளவு திடமாகச் சிரிக்க முடிந்தது? மூன்று வரிசைச் சட்டத்திலும் பிழையில்லை. என் சௌகரியத்துக்காகப் பெரியதைச் சின்னதாக்கிக் கொண்டவன் நான். ஆக்கியவன் நான் என்பதையே மறந்துவிட்டு, அந்தச் சின்னதன் சட்டத்தை வைத்துத் தீர்ப்பும் சொன்னேன். கதை எழுதுகிறவனுக்கு இது புதிய குற்றமும் அல்ல. எத்தனை மனிதர்களை எனக்குத் தெரிந்த மூன்று நாலு சுபாவங்களுக்குள் அடக்கியிருக்கிறேனோ!

க்யூபை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து, ஜோடிகளைக் கலைத்து மறுபடி சேர்த்துக் காட்டினேன். "நீ கழட்டலைடா. தப்பு என் பேர்லதான்" என்றேன்.

அவன் க்யூபைப் பார்க்கவே இல்லை.

"அம்மா உள்ளேதான் இருக்காங்க, மாமா. கூப்பிடட்டுமா?" என்றான்.