பாவாத மலையில் ஒரு சுபஹு



கல்முனைக்காரனுக்கு மலை ஏறிப் பழக்கமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் அண்ணாந்து பார்க்கிற மினாராதான் எங்களுக்கு உயரம். அப்படிப்பட்ட நானும் ஒரு மார்ச் மாதம் கண்டி, ஹட்டன் என்று பஸ் மாறி மாறி நல்லதண்ணிக்குப் போய், இரவு பத்து மணிக்கு முதல் படியில் கால் வைத்தேன். படிகள் 5,000க்கு மேல். உச்சி 2,243 மீற்றர்.

என் மூத்தம்மா அந்த மலையைப் 'பாவாத மலை' என்றுதான் சொல்வா. சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி கால் பதித்த இடமாம். குர்ஆனில் அப்படி எந்த இடத்தின் பெயரும் இல்லை. இந்தக் கதையை ஏற்காதவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம், ஸ்ரீபாத. சைவர்களுக்குச் சிவனொளிபாதம். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சனம் ஏறிக்கொண்டே இருக்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் கூம்பு மாதிரி நிற்கும். எரிமலையோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இலங்கையில் எரிமலையே கிடையாது. பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல்.

ஏறும்போது எனக்குப் பயணி இப்னு பதூதாவின் நினைவுதான். 1344இல் புத்தளத்தில் கரையிறங்கியவர், அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் வேறொன்றும் கேட்கவில்லை. ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே, ஆண்டுதோறும் பாதத்துக்குப் போய்வரும் யோகிகள் நாலு பேர், பிராமணர் மூன்று பேர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிமை, அவர் நம்பிய ஆதமிடம் கூட்டிப்போக யோகிகள் முன்னே நடந்திருக்கிறார்கள்! மலையில் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தனவாம். பத்தாவதுக்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவனுக்குத் தலை சுற்றி, வாயில் தானாகக் கலிமா வந்துவிடுமாம். அவர் மிகைப்படுத்தவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். எனக்கு மின்விளக்கும் சிமெந்துப் படியும் இருந்தும் வந்தது.

எனக்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா போனா. எழுபது வயதாவது இருக்கும். நான் மூச்சிரைத்து உட்காரும்போதெல்லாம் அவவும் நின்று, 'ஹிமின் ஹிமின், புத்தா' என்றா. மெதுவாக வா, மகனே. கடைசியில் என்னை விட்டுவிட்டு அவ மேலே போய்விட்டா. அது வேறு விஷயம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே சுபஹு நேரமாகிவிட்டது. தேத்தண்ணிக் கடையொன்றில் வுழூ செய்யத் தண்ணீர் கேட்டேன். ஐஸ் மாதிரித் தண்ணீர். கடைக்காரர் கேத்தலிலிருந்து கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து தந்தார். மூலையில் கிடந்த சாக்குகளைத் தள்ளி இடம் ஒதுக்கினார். கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அவர் தேயிலைக் கரண்டியோடு கையை நீட்டிக் காட்டினார். 'ஒங்க ஆளுங்க இப்பிடிப் பாத்துத்தான் தொழுவாங்க, தொர.'

வெளியே சனமெல்லாம் சூரியனைப் பார்க்கக் கிழக்குப் பக்கம் விரைந்துகொண்டிருந்தது. நான் அவர் காட்டிய பக்கம் திரும்பித் தக்பீர் கட்டினேன். தொழுது முடித்த பிறகுதான் போனில் திசைகாட்டி வந்தது. மேற்கே, கொஞ்சம் வடக்காக. கரண்டி காட்டிய அதே பக்கம்.